மலைக்கு மேற்கே

அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம், வேங்கிக்கால் வீட்டு மாடியில் நின்று அக்காவிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. அங்கே, பொகோட்டாவில், அப்போதுதான் விடிந்திருந்தது. மலையைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். அவளுக்குப் பின்னால் ஜன்னலிலும் ஒரு மலை, உச்சியில் வெள்ளையாய் ஒரு கோயிலோடு நின்றது. "உனக்கும்தான் ஒரு மலை இருக்குதே அக்கா, அம்மாவுக்காக அதைக் கிரிவலம் சுத்திட்டா என்ன?" என்றேன். நான் வாய்க்கு வந்ததைச் சொல்பவன். வழக்கமாக அவள் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

மாமாவின் வேலைக்காகத்தான் அக்கா கொலம்பியா போனாள். அம்மா ஒரு மாலையில் இறந்து, மறுநாள் மதியம் எடுத்துவிட்டோம். அங்கிருந்து வந்து சேர இரண்டு நாளாகும். அம்மாவின் வாயில் அரிசி போட வேண்டிய மகள் அதைப் போனில் பார்த்தாள். அதன்பிறகு அந்தச் சாவை அவள் ஒருமுறைகூட வார்த்தையாகச் சொல்லவில்லை. வீட்டில் நான் ஏதாவது தேடினால், "அம்மா அலமாரியிலதான் வெச்சிருப்பாங்க, பாரு" என்பாள். அவளை எப்படியாவது அழவைத்துவிட வேண்டும் என்றுதான் லீவு கிடைத்ததும் நான் விமானம் ஏறினேன்.

ஒரு நாள் முழுக்க ஊரைச் சுற்றிக் காட்டினாள். புறாக்கள் மொய்க்கும் பெரிய சதுக்கம், கலர் கலராய் வீடுகள், தங்க முலாம் பூசிய பழைய தேவாலயம். எல்லாவற்றையும் முடித்துக்கொடுக்கும் வேலையைப் போல வேகமாகக் காட்டினாள். மலையடிவாரத்தில் ஓர் அம்மாள் தள்ளுவண்டியில் பிளாஸ்க்குகளை அடுக்கிக் காபி விற்றாள். பாலில்லாத காபி, டின்டோ என்று பேர். கஷாயம் மாதிரி இருக்கிறது என்றேன். பால் கேட்டு மானத்தை வாங்காதே என்றாள் அக்கா. அந்த அம்மாள் எல்லாரையும் 'சுமர்சே' என்று கூப்பிட்டாள். "நம்ம 'ங்க'வும் 'கண்ணு'வும் ஒண்ணா சேர்ந்தா அதுதான்டா. இதைக் கேக்கத்தான் தினம் இங்க வந்து குடிக்கிறேன்."

மலையைச் சுற்றி வர வழி எது என்று அக்கா அவளிடம் கேட்டாள். காபிக்காரம்மாவுக்குச் சிரிப்பு. மேலே போக ரயில் இருக்கிறது, கம்பியில் தொங்கும் வண்டி இருக்கிறது, சுற்றுவானேன்? அது தனி மலையும் இல்லையாம். பின்னால் முடிவே இல்லாமல் மலைகள்தானாம். எங்களுக்கு மலையே சாமி, ஏற மாட்டோம், சுற்றுவோம் என்று அக்கா விளக்கினாள். யாருக்காக என்று அவள் கேட்டிருக்க வேண்டும்.

"மி மமா முரியோ" என்றாள் அக்கா.

எனக்கு அந்த பாஷை தெரியாது. ஆனாலும் அம்மா செத்துட்டாங்க என்கிறாள் என்று புரிந்தது. தமிழில் வராத சொல் அந்தத் தெருவில், அவர்கள் மொழியில் வந்துவிட்டது. அந்த அம்மாள் வண்டியைச் சுற்றி வந்து அவளைக் கட்டிக்கொண்டு, சுமர்சே, சுமர்சே என்றாள். வெகுநேரம் கழித்து அக்கா என் பக்கம் திரும்பினாள். "அரிசி போடலடா நான்."

பிறகு ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மலை வலப்பக்கம் இருக்க, அடிவாரச் சாலையில் வடக்கே நடந்தோம். தார் ஐஸாய்க் குளிர்ந்தது. வழி அடைபட்ட இடத்தில் நின்றோம். திரும்பலாம் என்றேன். "வந்த வழியே போனா மலை இடது பக்கம் வருமேடா. சுத்தினதும் அழிஞ்சுடும்." டாக்சி பிடித்து ஊருக்குள் இறங்கி வேறு வழியாக வீடு போனோம்.

இந்தப் பௌர்ணமிக்கு அவள் ஊருக்கு வருகிறாள். அம்மா இல்லாத வீட்டுக்கு முதல் தடவை. வீட்டுக்குள் நுழையும் முன்பே நடந்துவிட வேண்டும் என்கிறாள். எல்லாரும் கிளம்பும் ராஜகோபுரத்திலிருந்து அல்ல. பொகோட்டாவில் நாங்கள் நடந்தது மலைக்கு மேற்குப் பக்கம். இங்கே கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களில் மேற்கே இருப்பது வருண லிங்கம், அதுவரை நடந்து முடிந்த கணக்காம். ஆகவே மிச்சத்தை அதற்கு அடுத்த வாயு லிங்கத்திலிருந்து ஆரம்பிக்கப் போகிறோம். பாதியில் தொடங்கினால் கணக்கில் சேருமா என்று யாரையும் கேட்பதாக இல்லை.