காலி ஷெட்டுக்குத் தீவனம் கிடையாது

சேலம் ஃபேர்லேண்ட்ஸில், ஒரு பெரிய கறிக்கோழி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. ஷெட்டும் உழைப்பும் பண்ணைக்காரருடையவை. ஊர் ஊராகப் பண்ணைகள் பெருகவே, பழைய அட்டவணைத் தரவுத்தளம் இனித் தாங்காது என்று எங்கள் மேலாளர் கண்டுபிடித்தார். பெரிய கம்பெனிகள் எல்லாம் கட்டமே இல்லாத தரவுத்தளத்துக்குப் போய்விட்டனவாம். அதில் ஒவ்வொரு பதிவும் தன் இஷ்டத்துக்கு இருக்கலாம். யார் எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். அவருடைய மூளையும் அப்படித்தான் என்பதால், அது அவருக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

“நம்பர் போட வேண்டிய எடத்துல நம்பர்தான் இருக்கான்னு நாமளாவது செக் பண்ணணும் சார்” என்றேன்.

“அந்தக் கெடுபிடியே வேண்டாம்னுதானே இதுக்கு வந்தோம்?” என்று சிரித்தார். கூட்டத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சம்பளத்துக்குச் சிரிப்பதும் ஒரு வேலைதான்.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணையில், விற்கிற எடை வந்த கோழிகளை மட்டும் கம்பெனி ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மிச்சம் எத்தனை என்று கம்பெனியின் ஃபோன் செயலி கேட்டதற்கு, எங்கள் சூப்பர்வைசர் ‘பாதிக்கு மேல இருக்குது’ என்று எழுதினார். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தரவுத்தளம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. தீவனம் அனுப்பும் புரோகிராமோ எண்ணைத் தேடியது. கிடைக்காததால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு லாரியை நிறுத்திவிட்டது.

பண்ணைக்கார அக்கா எனக்கு ஃபோன் செய்தார். “ஏனுங்க, நேத்தே தீவனம் தீந்துபோச்சுங்க. கோழி ஒன்னையொன்னு கொத்துதுங்க சாமி. செத்தா எம்மேலதான் எழுதுவாங்க, அடுத்த பேட்ச் குஞ்சு வராதுங்க.”

ஃபோனோடு மேலாளரிடம் ஓடினேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். “காலின்னு இருக்கு. காலி ஷெட்டுக்கு எப்படி லோடு அனுப்புறது?”

கோழிகள் கத்துவது கேட்கட்டும் என்று ஃபோனை அவர் காதருகே நீட்டினேன். “டேட்டா வேற மாதிரி சொல்லுதே” என்றார். எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் சம்மதிக்க மறுநாள் ஆயிற்று. லாரி போய்த் தீவனம் கொட்டியதும், பசித்த கோழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நசுங்கி மூச்சுமுட்டிக் குவியலாகச் செத்தன. அக்காவும் அவருடைய வீட்டுக்காரரும் சாயங்காலம் வரை குழி வெட்டினார்கள்.

செத்தவற்றின் கணக்கைச் சூப்பர்வைசர் இம்முறை எண்ணாகவே எழுதினார். புரோகிராமுக்கு அது நன்றாகவே புரிந்தது. ‘இறப்பு அதிகமுள்ள பண்ணை, இனிக் குஞ்சு கிடையாது’ என்று அந்த நிமிடமே எல்லாக் கிளைகளின் திரையிலும் வந்தது.

“பாத்தீங்களா, என்னா ஸ்பீடு!” என்றார் மேலாளர்.