மருமகளின் பிராஜெக்ட்டில் நான் போட்ட டிக்

ஒரகடத்தில் தொழிற்சாலைகள் எழும்பியபோது ஷிப்டுக்கு ஆள் ஏற்றிய முதல் வேன்களில் ஒன்று என்னுடையது. அந்தச் சாலையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒற்றை வேனில் தொடங்கி, இது நடந்த 2014-ல் முப்பத்தொரு வேன் வைத்திருந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் பிள்ளைகளை ஏற்றி ஒரகடத்தில் இறக்குவோம். ஷிப்டு முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவோம். நடுரோட்டில் வண்டி நின்றாலும், டிரைவர் சொல்லாமல் ஊருக்குப் போனாலும் நான் பயந்ததில்லை. என்னை நிஜமாகவே பயமுறுத்தியது என் மருமகள் எம்.பி.ஏ. படித்த கடைசி இரண்டு மாதம்தான்.

மருமகளுக்குத் தூத்துக்குடிப் பக்கம். இன்ஜினியரிங் முடித்து இங்கே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவள். என் வேனில்தான் போய்வந்துகொண்டிருந்தாள். என் மகன் அவளைப் பார்த்ததும் அதில்தான். கல்யாணத்துக்குப் பிறகு மேலே படிக்கிறேன் என்றாள். வேலையை விடாமல் சனி, ஞாயிறு மட்டும் சென்னைக்குப் போய்ப் படிக்கிற எம்.பி.ஏ. அதில் டிஜிட்டல் பிசினஸ் என்று ஒரு பிரிவு. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

“உங்க வேன் எங்க வருதுன்னு ஏறுறவனுக்கு அவன் போன்லயே தெரியணும் மாமா. எந்த ஸ்டாப்ல எத்தனை பேரு நிக்காங்கன்னு உங்களுக்கும் தெரியணும். அதை வச்சு தொழில எப்படி நடத்தணும்னு படிக்கோம்.”

“அதெல்லாம் என் மனசுலயே கீதும்மா.”

“உங்க மனசு உங்ககிட்டல்லா இருக்கு? ரோட்டுல நிக்கவனுக்கு எப்படித் தெரியும்?”

என்னை மடக்கிவிட்டாள். ஆனால் பெருமையாக இருந்தது. குன்றத்தூரில் எங்கள் தெருவிலேயே எம்.பி.ஏ. படிக்கிற முதல் ஆள் என் வீட்டில். மலைக்கோயில் படியில் எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னேன். இரண்டு வருடம் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. நாங்கள் வீட்டில் கறிக்குழம்பு ஊற்றிக்கொள்ளும் நேரத்தில், அவள் ஏதோ வகுப்பறையில் ஆறிப்போன தயிர்சாதத்தைத் திறந்துகொண்டிருப்பாள்.

கடைசிப் பருவத்தில் ஒரு பிராஜெக்ட் செய்ய வேண்டும் என்றார்கள். அவள் என் வேன்களையே எடுத்துக்கொண்டாள். இருபத்துநான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். முதல் கட்டம் ‘முழுவதும் சரி’, கடைசிக் கட்டம் ‘முழுவதும் தவறு’. அப்படி இருநூறு தாள் அச்சடித்துக் கட்டாகக் கட்டி என்னிடம் கொடுத்தாள்.

“ஏறுறவங்க கையில குடுத்து, அவங்களே எழுதி வாங்கணும் மாமா. பேரு போட வேண்டாம். அவசரமில்ல, பத்து நாள் இருக்கு.”

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெரிய கம்பெனிகள் வருடத்துக்கு ஒருமுறை எங்களைப் போன்றவர்களிடம் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். டிரைவருக்குப் பயிற்சி கொடுத்தாயா, தினம் காலையில் பிரேக் பார்த்தாயா, முதலுதவிப் பெட்டியைச் சரிபார்த்தாயா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிஜிஸ்டர் கேட்பார்கள். நாங்கள் பிரேக் பார்ப்போம். பார்த்ததை எழுத எங்களில் யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் ஆடிட்டுக்கு முந்தின நாள் நானும் சூப்பர்வைசரும் உட்கார்ந்து வருடம் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவோம். நான்கு பேனா, இரண்டு மை. சூப்பர்வைசருக்கு இடது கையாலும் எழுத வரும். நடுநடுவே தாளை மடக்கிப் பிரிப்போம், டீ கிளாஸை வைத்து எடுப்போம். பார்த்தால் ஒரு வருடம் கைபட்ட ரிஜிஸ்டர் மாதிரியே இருக்கும். இதில் என்னைப் பிடித்த ஆடிட்டர் ஒருவரும் கிடையாது.

சூப்பர்வைசர் ஒரகடத்துக்காரர். முதல் வேன் வாங்கிய நாளிலிருந்து கூட இருக்கிறவர். தாள்கட்டைப் பார்த்துவிட்டு, “இன்னா மொதலாளி, புது ஆடிட்டா?” என்றார்.

“மருமக படிப்புக்கு. ஏத்துற பசங்ககிட்ட எழுதி வாங்கணுமாம்.”

“பசங்ககிட்டயா? போன வாரம் ஏழாம் நம்பர் வண்டி லேட்டுன்னு ஒருத்தன் என் சட்டையப் புடிச்சான். அவன் கையில பேனாவக் குடுத்தா இன்னா எழுதுவான்? அந்தப் பொண்ணு மார்க்கு என்னாவறது?”

அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. என் கம்பெனியைப் பற்றி நல்லபடியாக வந்தால்தானே அவளுக்கு நல்ல மார்க்கு வரும்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி ஷெட்டில் இரண்டு பேரும் அதே நான்கு பேனா, டீ கிளாஸோடு உட்கார்ந்து இருநூறையும் முடித்தோம். எல்லாவற்றிலும் முதல் கட்டத்தில் டிக். அங்கங்கே ஒன்றிரண்டு மட்டும் இரண்டாவது கட்டத்தில், இயற்கையாக இருக்கட்டும் என்று. கேள்விகளை நாங்கள் படிக்கவில்லை. ஆடிட் தாளில் கேள்வியை யார் படிப்பார்கள்?

“அதுக்குள்ளயா மாமா!” என்று அவள் சந்தோஷப்பட்டபோது, ஒரு பெரிய காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயந்திரம், கல்லூரியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிராஜெக்ட்டைப் பார்க்கிற பேராசிரியை கணக்கைக் கையில் எடுத்ததுமே நிறுத்திவிட்டாராம்.

“ஆறாவது கேள்வி, வேன் எப்பவும் சரியான நேரத்துக்கு வருது. பத்தொன்பதாவது, வேன் லேட்டானதால நான் ஷிப்டுக்குப் பிந்தியிருக்கேன். ரெண்டும் ஒரே கேள்விதான், தலைகீழா மாத்திக் கேட்டிருக்கேன். படிச்சுத்தான் எழுதுதாங்களான்னு பாக்க அப்படி வைக்கது. ரெண்டுக்குமே எல்லாரும் சரின்னு போட்டிருக்காங்க மாமா. வரிசையா கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டே போனேன், எனக்கும் தோணாம போச்சு பாருங்க.”

“இப்ப இன்னா சொல்றாங்க?” என்றேன்.

“அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளையெல்லாம் கொண்டு வரச் சொல்லுதாங்க. பொய்யா எழுதுனதுன்னு தெரிஞ்சா பிராஜெக்ட் ரத்து. ஒரு வருஷம் போச்சு. அதுகூடப் பரவால்ல. நானே வீட்டுல உக்காந்து டிக் போட்டேன்னு நெனைக்காங்க மாமா.”

“பசங்க படிக்காம போட்டிருப்பானுங்கம்மா.” முதல் பொய்க்கு மேல் இரண்டாவது பொய்.

“எல்லாருமேவா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் வேலைக்குப் போனதும் மேஜையில் இருக்கும் தாள்கட்டைப் பிரித்துப் பார்ப்பேன். நாங்கள் அழகு பார்த்து வைத்த டீக் கறை எல்லாம் ஒரே அளவில் இருந்து, ஒரே கிளாஸ் என்று கத்தியது. ஷெட்டுக்குப் போய்ச் சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

“தொலைஞ்சி போச்சுன்னு சொல்லிடலாம் மொதலாளி. செம்பரம்பாக்கம் ஏரியில போட்டா எவன் எடுக்கப்போறான்?”

“மெட்ராஸே அந்தத் தண்ணியத்தான் குடிக்குது. வாய மூடிக்கினு இரு.”

தாள் தொலைந்தாலும் அவள்மேல்தான் சந்தேகம் விழும். அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் இரண்டு நாள் தள்ளினேன். புதன்கிழமை காலை அவள் டப்பாவில் இட்லி அடைத்துக்கொண்டிருந்தபோது அடுக்களை வாசலில் போய் நின்றேன்.

“அந்தத் தாள் விஷயம்மா.”

“சொல்லுங்க மாமா, நேரமாச்சு.”

“பசங்க எழுதல. நாங்க எழுதினோம். நானும் சூப்பர்வைசரும்.”

டப்பா மூடியை அவள் கையிலேயே வைத்திருந்தாள். “எத்தனை தாள்?”

“எல்லாம்.”

“ஒரு தாளாவது ஏறுறவங்க எழுதுனது இருக்கா?”

“டீக் கறை மட்டும்தான் நெசம்,” என்றேன். அந்த நேரத்தில் அப்படி ஒரு பதில் ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. “ஏன் மாமா இப்படி?” என்று மட்டும் கேட்டாள். நல்ல மார்க்கு வரட்டும் என்றுதான் என்றேன். டப்பாவை மூடி வைத்துவிட்டு வேலைக்கு லீவு சொன்னாள். பேராசிரியைக்குப் போன் போட்டு, நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் நீண்ட நேரம் பேசினார்கள். போனை வைத்ததும் சொன்னாள்: “மறுபடி எழுதி வாங்கச் சொல்லிட்டாங்க. சனிக்கிழமைக்குள்ள. பழைய தாள்கட்டையும் கொண்டு போகணும், கம்பெனி லெட்டர்பேட்ல ஒரு கடிதமும் வேணும். எனக்குத் தெரியாம நீங்க நிரப்புனதுன்னு கையெழுத்து, சீல்.”

“சரிம்மா. தாளக் குடு, நான் போய்…”

“நீங்க வரவே கூடாது மாமா. உங்க சூப்பர்வைசரும்தான். மொதலாளி நின்னா எவன் உண்மைய எழுதுவான்?”

வரக்கூடாது என்றாள். நான் போனேன். இருங்காட்டுக்கோட்டையில் இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் ஏறும் நேரம், சாலைக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். உச்சி வெயிலில் அவள் தாளை நீட்டிக்கொண்டிருந்தாள். பையன்கள் வாங்கத் தயங்கினார்கள். அவள் பேச்சைக் கேட்டதும் ஒருவன், “அக்கா, உங்க பேச்சு எங்க ஊர்ப் பக்கமால்லா இருக்கு!” என்று சத்தம் போட்டான். அதற்குப் பிறகு கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் முதுகில் ஒருவன் தாளை வைத்து எழுதினார்கள். ஒரு பெண் கேள்விக்குக் கேள்வி யோசித்து எழுதினாள். ஒருவன் தான் எழுதியதைப் பக்கத்தில் இருப்பவனிடம் காட்ட, நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். இத்தனை வருடம் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அவர்கள் என்னைப் பற்றி என்ன எழுதுவார்கள் என்று அன்றுவரை ஒருநாளும் யோசித்ததில்லை.

இரண்டு நாளில் தாள்கள் நிறைந்தன. எனக்கு ஒன்றைக்கூட அவள் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தாள். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தேன். லெட்டர்பேடும் சீலும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சூப்பர்வைசர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“இதுல சீல் குத்தாத மொதலாளி. நாளைக்கு இது பெரிய கம்பெனி கைக்குப் போனா நம்ம ரிஜிஸ்டர் அத்தினியும் பொறட்டுவான். முப்பத்தோரு வண்டியும் நின்னுடும்.”

அவர் சொன்னது பொய்யில்லை. கையில் எடுத்திருந்த பேனாவைக் கீழே வைத்தேன். அதை மருமகள் பார்த்துவிட்டாள்.

“வேண்டாம்னா வேண்டாம் மாமா. நான் அடுத்த வருஷம் எழுதிக்கிடுதேன்.” கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னாள். செய்யாத குற்றத்துக்கு அவள் ஒரு வருடம் தரத் தயாராக இருந்தாள். கையெழுத்துப் போட்டேன். சீலும் குத்தினேன், இரண்டு முறை.

பேராசிரியை புதிய தாள்களை ஏற்றுக்கொண்டார். ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் வெளியிலிருந்து வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர்தான் என்று சொல்லிவிட்டார். அந்தத் தேர்வு நாளில் நானும் போனேன். மருமகள் உள்ளே, நான் வெளியே பெஞ்சில். கதவு திறந்து, “கம்பெனிக்காரர் வந்திருந்தா உள்ள வாங்க” என்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே தேர்வு நடத்திய பெரியவர் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவராம். மேஜையில் இரண்டு கட்டும் இருந்தன. பழைய கட்டைப் புரட்டினார்.

“நாலு பேனாவா?”

“ஆமா சார்.”

“இடது கையும் தெரியுதே.”

“அது சூப்பர்வைசர், சார்.”

இதுபோல நிறையப் பார்த்தவர் என்று அந்த முகமே சொல்லியது. பிறகு புதிய கட்டின்மேல் கையை வைத்தார். “வேன் போயிடுச்சா, வரப்போகுதா தெரியாம ரோட்டுல நிக்கறோம்னுதான் அதிகமா எழுதியிருக்காங்க. போனுக்கு மெசேஜ் அனுப்பணும், பக்கத்துப் பக்கத்துல இருக்கிற மூணு ஸ்டாப்பை முதல் ஸ்டாப்லயே ஒண்ணாக்கணும்னு உங்க மருமகள் சொல்றாங்க. செய்வீங்களா?”

ஆடிட்டர்கள் எது கேட்டாலும் நான் சொல்கிற பதில் ஒன்றே ஒன்று: செஞ்சிடறோம் சார். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதைச் சொன்னால் அவளுக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மெசேஜ் அனுப்பறேன் சார். ஸ்டாப்பை ஒண்ணாக்க மாட்டேன். அந்த நடு ஸ்டாப்புல ஏறுறதெல்லாம் ஆஸ்டல் பொண்ணுங்க. அத எடுத்துட்டா லாரி போற ரோட்டுல அரை கிலோமீட்டர் நடக்கணும். நடைபாதை கெடையாது.”

பெரியவர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “இது ஏன் உங்க கேள்வித்தாள்ல இல்ல?”

போச்சு, இரண்டாவது முறையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“நான் கேக்கல சார்,” என்றாள் அவள். “எங்க ஏறுதீங்கன்னு கேட்டேன். அங்க எப்படி வந்து சேருதீங்கன்னு கேக்கல. அது என் தப்புதான்.”

அவர் ஏதோ எழுதினார். எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் வேண்டாத தெய்வம் இல்லை.

பாஸ் போட்டார்கள். நல்ல மார்க்கு இல்லை. அந்த நடு ஸ்டாப்பைப் பற்றி ஒரு பகுதி சேர்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை வேறு. வகுப்பில் முதலாவதாக வந்திருக்க வேண்டியவள் என்று பேராசிரியை என் காதில் விழும்படியே சொன்னார். அது எனக்காகச் சொன்னதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், “அந்தக் கடிதம் எங்க இருக்கும்மா?”

“பிராஜெக்ட் கடைசியில வச்சு பைண்ட் பண்ணிருவாங்க மாமா. காலேஜ் லைப்ரரியில இருக்கும்.”

“யாரு வேணா எடுத்துப் படிக்கலாமா?”

“படிக்கலாம். ஆனா பழைய பிராஜெக்ட எல்லாம் யாரு மாமா எடுத்துப் படிக்கா? தூசிதான் படியும்.”

எனக்கு அப்போது நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தச் சீலை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இன்றும் இருக்கிறது. நான் உண்மைக்குச் சீல் குத்திய அந்த ஒரே தாளை ஒருவருமே பார்க்க மாட்டார்கள் என்பதும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.