டிஸ்க் என் கையில் இருந்தது

ஹாட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கொம்பியூட்டரைப் போட்டுப் பார்த்தால் என்ன என்ற யோசனை எனக்குக் கிணற்றடியில் நின்று வாய் கழுவும்போதுதான் வந்தது. ஏன் வாய் கழுவினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த யோசனை வராமல் இருந்திருந்தால், இன்றைக்கு என் சொந்தச் செலவில் ஒரு தேங்காயை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதும் நிலைமை எனக்கு வந்திருக்காது.

பேய், முனி, செய்வினை, கண்ணூறு, இவற்றில் எதையும் நான் நம்பியவன் இல்லை. ஏ.எல். கணிதப் பிரிவு படித்தவன். எங்கள் வளவுக்குப் பின்னால் உள்ள பாலைமரத்தில் ஏதோ நிற்கிறது என்று அயல் முழுக்கச் சொன்னபோது, அதன் கீழேதான் சாக்கை விரித்துப் படுத்துப் பௌதிகம் பாடமாக்கினேன். ஆகவே, இதை வாசித்துவிட்டுப் பொடியனுக்கு வெயில் பிடித்துவிட்டது என்று சொல்ல இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துச் சொல்லட்டும். நம்பினால் நம்புங்கள். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கூட.

புதுக்குடியிருப்பில் றெஜினா ரீச்சர் ஒரு ரியூசன் நடத்துகிறார். முல்லைத்தீவுக் கரையில் வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி வீட்டில் பிறந்தவர், இடம்பெயர்ந்து வந்து இங்கே கிடுகுக் கொட்டில் போட்டு வகுப்புத் தொடங்கியவர். வவுனியாவில் பெரியம்மா வீட்டில் நின்று நான் கொம்பியூட்டர் படித்துவிட்டு வந்ததை அறிந்து, ஒரு மெசினை இறக்கினால் நீ படிப்பிப்பாயா என்று கேட்டார். ஓம் என்று சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஊரில் கறண்டே இல்லாத இடத்தில் ஒரு கொம்பியூட்டர், அதற்கு நான் மாஸ்டர். யோசித்துப் பாருங்கள்.

வவுனியாவில் ஒருவர் பாவித்த மெசின் அது. மாரிமுத்து அண்ணையின் லொறியில், சீமெந்துப் பைகளுக்கும் மாமூட்டைகளுக்கும் நடுவில், சாக்குச் சுற்றி வந்து சேர்ந்தது. வேலை செய்யாவிட்டால் அதே லொறியில் திருப்பி அனுப்ப வேண்டும், பிறகு அனுப்பினால் எடுக்க மாட்டேன் என்று விற்றவர் சொல்லியிருந்தார். லொறி அன்று பின்னேரமே திரும்புகிறது. பொழுதுபடுவதற்குள் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும் என்று மாரிமுத்து அண்ணை வந்து இறங்கும்போதே சொல்லிவிட்டார்.

ஜெனரேற்றரை இயக்கி மெசினைப் போட்டேன். பீப் என்றது, எழுத்துகள் ஓடின, விண்டோசின் முகில் படம் வந்தது, அடியில் நீலக்கோடு ஓடியது. ஓடி, பட்டென்று கறுப்பு. மறுபடி பீப். மறுபடி முகில். மறுபடி கறுப்பு. தானாக நிற்பதும் தானாக எழும்புவதுமாக, வாசல்வரை வந்து உள்ளே வராமல் திரும்பிப் போகும் ஆள் மாதிரி.

நான் செய்யாத வேலை இல்லை. வோல்ற்றேஜ் ஆடுகிறதோ என்று அதே ஜெனரேற்றரில் ஓடிய மின்குமிழையும் காற்றாடியையும் கழற்றினேன். பெட்டியைத் திறந்து செம்புழுதியை ஊதினேன். மெமரியை எடுத்து அதன் பித்தளைப் பற்களை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் பூட்டினேன். முகில், கறுப்பு, பீப்.

இந்த நேரத்தில் மாரிமுத்து அண்ணை பின்னால் வந்து நின்றார். மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பம். வீதியில் உள்ள ஒவ்வொரு மரத்திலும் யார் குடியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"தம்பி, இந்தத் தடவை முறிகண்டிப் பிள்ளையார் கோயில் பக்கம் போகாம நேரா ஒட்டுசுட்டானால வந்துட்டேன். பிள்ளையாருக்குத் தேங்கா உடைக்காம வந்த சாமான். அதுதான் நிக்க மாட்டேங்குது."

"அப்ப உங்கட லொறிக்கு டீசல் எதுக்கு அண்ணை? தேங்காயிலயே ஓடலாமே."

அவர் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டு வெளியே போனார். அதற்குள் ரீச்சர் மடு மாதா கோவிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தப் போத்தலோடு வந்துவிட்டார். மூடி திறந்த பெட்டி, உள்ளே கறண்ட், இவர் தெளிக்கப் போகிறார். பாய்ந்து மறித்தேன்.

"ரீச்சர், தெளியாதேங்கோ. தண்ணி பட்டா மாதாவே வந்தாலும் திருத்தேலாது."

"மாதாவைப் பற்றி அப்பிடிக் கதைக்காத. போ, கிணத்தடியில வாயைக் கழுவிப்போட்டு வா."

அப்படித்தான் கிணற்றடிக்குப் போனேன். அங்கேதான் யோசனை வந்தது.

கொம்பியூட்டர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விண்டோஸ், படங்கள், எழுதி வைத்தவை எல்லாம் இருப்பது ஹாட் டிஸ்க் என்ற ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள். அதைக் கழற்றினால் முகிலும் வராது, ஒன்றும் வராது. டிஸ்க் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நிற்கும். அப்படி நின்றால் பிழை டிஸ்க்கில். அப்போதும் திரும்பத் திரும்ப எழும்பினால் பிழை வேறிடத்தில். எவ்வளவு அழகான சோதனை.

டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்தேன். பிளொப்பி போடும் இடம் வெறுமை. சீடீ போடும் வசதி அந்த மெசினில் இல்லவே இல்லை. ஸ்விட்சைப் போட்டேன். அதே நேரம் வெளியே படார் என்று ஒரு சத்தம். மாரிமுத்து அண்ணை எங்கேயோ தேடி எடுத்த தேங்காயை லொறிச் சில்லுக்கு முன்னால் உடைக்கிறார். என் தோளுக்கு மேலால் ரீச்சரின் கை வந்து திரையில் சிலுவை கீறியது.

பீப். எழுத்து. முகில்.

நீலக்கோடு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கறுப்பு வரவில்லை. விண்டோஸ் திறந்தது.

என் கையைப் பார்த்தேன். டிஸ்க் இருக்கிறது. பெட்டிக்குள் பார்த்தேன். கேபிள் ஒன்றிலும் பூட்டாமல் தொங்குகிறது. திரும்பவும் கையைப் பார்த்தேன். ரீச்சர் கை தட்டுகிறார். மாரிமுத்து அண்ணை உள்ளே வந்து, பார்த்தீங்களா பிள்ளையாரை என்கிறார். பிள்ளையாரோ மாதாவோ என்று இரண்டு பேரும் பகிடியாகப் பிடுங்குப்படத் தொடங்கிவிட்டார்கள்.

"ரீச்சர், இது நடக்கேலாது. விண்டோஸ் இருக்கிற சாமான் இந்தா, என்ர கையில இருக்கு."

மாரிமுத்து அண்ணை டிஸ்க்கை எட்டிப் பார்த்தார். "அப்ப அது தேவையில்லாத சாமான் போல. தொலைச்சுடாம வைங்க."

"காலமை தொடக்கம் வேலை செய்யேல்லை எண்டு கத்தினாய்" என்றார் ரீச்சர். "வேலை செய்தாலும் கத்துறாய். உனக்கு என்னதான் வேணும்?"

இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. மரத்துக்கு மரம் முனி காணும் மனிதர், நாய் ஊளையிட்டால் செபமாலையைத் தேடும் ரீச்சர், இரண்டு பேருக்கும் கண்ணுக்கு முன்னால் உண்மையாகவே நடக்க முடியாத ஒன்று நடக்கிறது, ஒருவருக்கும் அது அதிசயமாகத் தெரியவில்லை. கொம்பியூட்டர் என்றால் அப்படித்தானாம். தலையிலிருந்து கால்வரை நடுங்கிக்கொண்டு நின்றது பௌதிகம் படித்த நான் மட்டும். தம்பி பயந்துட்டார், திருநீறு பூசி விடுங்க என்று மாரிமுத்து அண்ணை சொன்னதை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

மெசினைப் பொய்யென்று நிரூபிக்க எனக்கு ஒரு வழிதான் இருந்தது. படம் கீறும் புரோகிராமைத் திறந்து, ரீச்சரைக் கதிரையில் இருத்தி, ஏதாவது கீறுங்கோ என்றேன். மவுசை அன்றுதான் முதன்முதலாகப் பிடிக்கிறார். அவர் கீறியது ஒரு வள்ளம். பாய்மரம் நடுவில் முறிந்த மாதிரி, முன்பக்கத்து அணியத்தில் ஒரு குமிழ் மாதிரிக் கோணல்.

"இப்ப சேவ் பண்ணுங்கோ" என்றேன். டிஸ்க் இல்லாமல் எங்கே சேமிக்கும்? பிழை என்று சொல்லியே ஆக வேண்டும். டிஸ்க் இல்லாத கையால் வள்ளம் என்று ஆங்கில எழுத்தில் பெயர் போட்டேன், ரீச்சர் அமத்தினார். ஒரு முறைப்பாடும் இல்லாமல் சேமித்துக்கொண்டது.

ஓடுகிற சாமானைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. லொறி தனியே வெளிக்கிட்டது. கொஞ்ச நேரத்தில் மண்ணெண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்றது.

மறுநாள் காலை ஒருவரும் வருமுன் போய் டிஸ்க் இல்லாமல் போட்டேன். டிஸ்க் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது, புத்தகத்தில் உள்ளபடி. டிஸ்க்கைப் பூட்டிப் போட்டேன். முகில் வந்தது, விண்டோஸ் வந்தது, ஒரு தடங்கலும் இல்லை. லொறிக் குலுக்கலில் கேபிள் தளர்ந்திருக்கும், கழற்றிப் பூட்டியதில் சரியாகிவிட்டது என்பீர்கள். சரி, ஏற்றுக்கொள்கிறேன். அன்றிலிருந்து வகுப்பும் நடக்கிறது, பிள்ளைகள் என்னை சேர், சேர் என்று கூப்பிடுகிறார்கள்.

ஆனால் அந்த டிஸ்க்கைத் திரையில் திறந்து பார்த்தபோது அதற்குள் வள்ளம் இருந்தது. முறிந்த பாய்மரம், அணியத்தில் அதே கோணல். அதைக் கீறியபோது டிஸ்க் எங்கே இருந்தது என்பதை நான் திரும்பவும் சொல்ல வேண்டியதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வவுனியாவில் என்னோடு படித்த ரவி வருகிறான். கொம்பியூட்டர் தெரிந்தவன், டிஸ்க் இல்லாமல் விண்டோஸ் வந்தால் தானும் நடுங்குவான். அவனுக்கு முன்னால் திரும்பச் செய்து பார்க்கப் போகிறேன். ஓடுகிறதை ஏன் கழற்றுகிறாய் என்று ரீச்சர் ஏசினார். பழுதாகினால் தலையில் சுமந்து வவுனியாவுக்குக் கொண்டுபோய்த் திருத்துவேன் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார். மாரிமுத்து அண்ணையும் அன்று சாமான் இறக்க வருகிறார். பரிசோதனை என்றால் நிலைமைகள் ஒன்றும் மாறக்கூடாது. அதனால் ரீச்சர் சிலுவை கீறவேண்டும், தேங்காயும் உடைய வேண்டும். கடையில் அதை வாங்கும்போது எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

மாற்றம் ஒன்றே ஒன்றுதான். டிஸ்க்கை ரவி பிடிப்பான்.

ஒன்றை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, ரவிக்கும் சொல்லப் போவதில்லை. இதை அவன் வாசிக்கிறதுக்குள் ஞாயிறு முடிந்திருக்கும். அன்று ரீச்சர் சேவ் என்று அமத்திய அந்த நேரம், ஒரு கம்பியும் பூட்டாத அந்த இரும்புப் பெட்டி என் உள்ளங்கையில் கிர்க் கிர்க் என்று அதிர்ந்தது, எதையோ எழுதிக்கொள்வதுபோல. ஞாயிறு அந்த நேரம் வரும்போது நான் திரையைப் பார்க்க மாட்டேன். ரவியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.