கடைசியாகத் தொட்டவள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்தக் கோபத்தால் நான் இழந்தவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மன்னாரில் நாங்கள் இரண்டு பெண்கள் ஓர் அறையில் இருந்து நிரல் எழுதினோம். நான் பள்ளிமுனை, அவள் உப்புக்குளம். பெண்கள் மட்டும் என்பதால்தான் அவளுடைய வாப்பா அவளை அங்கே வேலைக்கு விட்டார். காற்று எச்சரிக்கையைக் கடலுக்குப் போகிறவர்களின் கைபேசிக்கு அனுப்பும் மென்பொருள் எங்களுடையது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் அவள் முதலில் வரிகளின் இடைவெளிகளை ஒழுங்காக்குவாள். "விளக்குமாத்தோட வந்திட்டாள்" என்று கேலி செய்வேன்.

ஒருநாள் இணைப்பு அறுந்து, எச்சரிக்கை பள்ளிமுனைக்குப் போகவில்லை. கடலில் காற்றில் சிக்கிய என் அப்பா உயிரோடு கரை சேர்ந்தார். வலைகள் எல்லாம் போய்விட்டன. எங்கள் திரையிலோ 'அனுப்பியாயிற்று' என்றே இருந்தது. அந்தச் சொல்லைக் கோப்புகள் முழுவதிலும் தேடினேன். நாற்பது இடங்களில் வந்தது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போனதில் ஒரு வரி மிஞ்சியது. செய்தி போனதா என்று பாராமலே போனதாகக் காட்டும் வரி. அதைக் கடைசியாக மாற்றியவர் யார் என்று பார்த்தேன். அவளுடைய பெயர் இருந்தது.

"உன்னாலதான் எங்கட வலை போனது!" முறையிட வந்திருந்த மீனவர் சங்கத்து ஆட்களுக்கு முன்னாலேயே கத்தினேன்.

"நான் இடைவெளியைத்தான்டி சரிசெய்தனான்" என்றாள். நான் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, வேறொரு பிழையைத் தேடி அதே கோப்பின் பழைய பதிப்புகளுக்குள் போனேன். அதே வரி, இடைவெளி மட்டும் வேறு. எழுதியது நான். கடைசியாகத் தொட்டவர்தான் எழுதியவர் என்று நம்பாதீர்கள் என்று புதியவர்களுக்கு வாய் கிழியப் பாடம் நடத்துகிறவளும் நான்தான்.

அன்றே உப்புக்குளம் போனேன். நான் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும். அண்டைக்கே வீட்ட வந்து பழைய பதிப்பைப் பாத்தனான்."

"ஏன்டி சொல்லேல்ல?"

"உன்ர அப்பா வெறுங்கையோட கரையில நிண்டவர். அது உன்ர வரி எண்டு எப்படிச் சொல்லுறது?"

"திரும்பி வாடி."

"அத்தனை ஆம்பிளையளுக்கு முன்னால நீ கத்தினது வாப்பாவுக்குத் தெரியும். இனி எங்கயும் விடமாட்டார்."

நெஞ்சு உடைந்து அழுதேன். வாப்பா உள்ளே இருந்தார். என் அழுகை அவருக்குக் கேட்கக் கூடாதென்று அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.