கட்டத்துக்கு வெளியே நின்ற அக்கா

அந்தக் கடையிலிருந்து வீடுகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டப் போகிறவர்களில் பெண் அவள் ஒருத்திதான். அதனால் எல்லோருக்கும் அவள் 'கேமராக்கா'. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் வீட்டு ஆண்கள் "இருங்க, நாங்க பிடிக்கிறோம்" என்று ஓடி வருவார்கள். அதற்குள் அவள் மேல்படியில் நிற்பாள். வேலை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம், பொறுமை மட்டும் குறைவு. ஒரு வீட்டில் திருகாணி முடுக்கும்போதே அடுத்த வீட்டுக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுமை வரும்?

ஒயர் இல்லாத கேமராக்கள் வந்த பிறகு வரும் புகார்களில் முக்கால்வாசி ஒரே ரகம்: பேட்டரி நிற்கவில்லை. மாதக்கணக்கில் வர வேண்டியது வாரத்துக்குள் செத்துவிடுகிறது. காரணம் பெரும்பாலும் எளிமையானதுதான். அந்தக் கேமரா சும்மா இருக்கும்போது தூங்கும். எதிரில் ஏதாவது அசைந்தால் விழித்து, படம்பிடித்து, உரிமையாளரின் போனுக்கு அனுப்பும். தெருவில் போகிற வண்டிக்கெல்லாம், ஆடுகிற கிளைக்கெல்லாம் விழித்தால் எந்தப் பேட்டரி தாங்கும்?

அப்படித்தான் வெளியூரிலிருந்து ஒருவர் அழைத்தார்.

"எங்க அக்கா வீட்டு வாசல்ல மாட்டினது. நாலு நாள் கூட நிக்கமாட்டேங்குது. சார்ஜ் போடறதுக்காக அவங்க ஸ்டூல் மேல ஏறுறாங்க. ஏற்கெனவே இடுப்பு சரியில்ல. ஒரு தடவை போய்ப் பாருங்களேன்."

"சரி சார். நான் வர்றேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லிக்குங்க" என்றார் அவர்.

அந்த அக்கா டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் ஆபரேட்டரம்மா என்றால்தான் தெரியும். ஒண்டிக்கட்டை. கேமராக்கா போனபோது கதவைத் திறந்துவிட்டு, "அவன்தான் அனுப்பினானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

தம்பி கொடுத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு, கேமராக்கா தன் போனில் பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வண்டி, பூனை, கிளை நிழல். அதைவிட அதிகமாக, அந்த அம்மாவேதான். காலையில் கதவைத் திறந்து கேமராவுக்கு நேராக வந்து நிற்கிறார். வாய் அசைகிறது. ஒரு பதிவில் காய்கறிப் பையைத் தூக்கிக் காட்டுகிறார். நெடுநேரம் நிற்கிறார். சத்தத்தை வைத்துக் கேட்க அவளுக்கு நேரமில்லை. 'வீட்டு ஆளோட நடமாட்டத்துக்கெல்லாம் விழிச்சா எப்படி நிக்கும்?' என்று நினைத்துக்கொண்டாள். அசைவைக் கவனிக்கும் கட்டத்தைச் சுருக்கி, வெளி கேட்டைச் சுற்றி மட்டும் வரைந்தாள். கதவோரம் முழுக்கக் கட்டத்துக்கு வெளியே போயிற்று. பதிவின் நீளத்தையும் பத்து நொடியாகக் குறைத்தாள். "செட்டிங் மாத்திட்டேன் சார், இனிமே பிரச்சினை இருக்காது" என்று தம்பிக்குச் செய்தி அனுப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். பிரச்சினை இருக்கவும் இல்லை. தம்பி கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார்.

சில வாரங்கள் கழித்து ஆபரேட்டரம்மாவே கடைக்குப் போன் செய்து, கேமராவைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னார்.

கேமராக்கா போனபோது அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"ஏன்மா கழட்டணும்? பேட்டரி நல்லா நிக்குதே?"

"பேட்டரி நிக்குது. பாக்கறவன் நிக்கலையே."

பிறகு அவராகவே சொன்னார். அப்பா சாகக் கிடந்தபோது தம்பி தாமதமாக வந்தான். எல்லார் முன்னாலும் இவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடிவிட்டன. தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தபோது, கேள்விப்பட்ட தம்பி ஒரு வார்த்தை சொல்லாமல் கேமரா வாங்கி அனுப்பினான்.

"ஊரு பூரா பேச லைன் போட்டுக் குடுத்தவ நான். அவனுக்கு ஒரு போன் போட எனக்குக் கை வரல. ஆனா இந்தக் கேமராகிட்டப் பேசறது சுலபமா இருந்துச்சு. காலையில எழுந்ததும் கதவைத் தொறந்து, என்ன சமைக்கப் போறேன், இடுப்பு எப்படி இருக்குன்னு சொல்லுவேன். அவன் பதில் பேசமாட்டான். ஆனா கேட்டுக்குவான். ஒரு நாள் செருப்பு அறுந்துபோச்சுன்னு தூக்கிக் காட்டினேன். பார்சல்ல புதுசு வந்துச்சு. அளவு கூடத் தப்பல."

"அப்புறம்?"

"கண் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாங்க. முடிஞ்சா வாடான்னு தினமும் சொன்னேன். வரல. ஒரு பொட்டலம் கூட வரல. சரி, அவனுக்கு இன்னும் ஆறலன்னு விட்டுட்டேன். தனியாத்தான் போனேன், தனியாத்தான் வந்தேன். ஆஸ்பத்திரிப் படியிலதான் கொஞ்சம் தடுமாறிடுச்சு."

தான் வரைந்த கட்டம் கேமராக்காவின் கண்முன்னே வந்து நின்றது. சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் துருத்திக்கொண்டிருந்தது. "டூல்ஸ் எடுத்துட்டு வரலம்மா, நாளைக்கு வர்றேன்" என்றாள். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருக்கு எவ்வளவு தெரிந்ததோ.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் பார்சல் வேன் ஓட்டுகிறவன், எதையும் லேசாக எடுத்துக்கொள்வான். "நீ என்ன வேணும்னேவா பண்ணே? பேட்டரியைச் சரி பண்ணச் சொன்னாங்க, பண்ணிட்டே."

"பாத்தேன்டா. அவங்க நின்னு பேசறதைப் பாத்தேன். யார்கிட்டப் பேசறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை தம்பியை அழைத்தாள். சுற்றி வளைக்காமல், கதவோரத்தைக் கட்டத்திலிருந்து வெட்டியது தான்தான் என்று சொன்னாள்.

"அக்காதான் மறுபடி கோவிச்சுக்கிட்டாங்கன்னு நெனச்சேன். குடையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டைத் தாண்டிப் போறாங்க, வர்றாங்க. என் பக்கம் திரும்பவே இல்ல. செருப்பு அனுப்பினது தப்பாயிடுச்சோன்னு..."

"சார், அவங்க தினமும் பேசியிருக்காங்க. கண் ஆபரேஷனுக்கு உங்களைக் கூப்பிட்டிருக்காங்க."

"எந்த ஆபரேஷன்?"

அதையும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் அவர் கத்துவார் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள். அவர் கத்தவில்லை. "பேட்டரி தினம் தினம் செத்திருந்தாக் கூடப் பரவாயில்லையேம்மா" என்றார். கத்தியிருக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு.

போனை வைத்துவிட்டு நேராக ஆபரேட்டரம்மா வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ அவன் பாக்காம இல்ல. அவனுக்குக் காட்டல."

"ஆமாம்மா. என் தப்பு. நல்லா நாலு வார்த்தை திட்டிடுங்க."

"திட்டினா உனக்கு லேசாயிடும். நான் ஏன் திட்டணும்?" என்றார் அவர், கோபமே இல்லாமல். "போய் வேலையைப் பாரு."

அவள் வேலையைப் பார்த்தாள். ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு, உள்ளே இருக்கும் ப்ளக்கிலிருந்து கேமராவுக்கு ஒயர் இழுத்தாள். இனி அது எத்தனை முறை விழித்தாலும் பேட்டரி தீராது, யாரும் ஸ்டூலில் ஏறவும் வேண்டாம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அரை மணி நேரம் கூடுதலாகும் என்று அன்று விட்டுவிட்டாள். கட்டத்தைக் கால்மிதி வரைக்கும் அகலமாக வரைந்தாள். "இப்போ நில்லுங்கம்மா" என்றாள்.

ஆபரேட்டரம்மா நின்றார். கேமராவின் ஸ்பீக்கர் கரகரத்தது.

"அக்கா."

அதுவரை அந்த ஸ்பீக்கர் வழியாகத் தம்பி ஒருமுறைகூடப் பேசியதில்லை.

"ம்."

"கண்ணு எப்படி இருக்கு?"

"ஒண்ணு முடிஞ்சுது. இன்னொண்ணு இருக்கு."

"அதுக்கு நான் வர்றேன்."

"லீவு குடுப்பாங்களா உனக்கு?"

"குடுக்கலன்னா எடுத்துக்குவேன்."

"ரொம்ப வாய் பேசாதே. வெயில்ல நிக்கிறேன்."

கேமராக்கா ஏணியை மடக்கிக்கொண்டு சத்தமில்லாமல் கேட்டைச் சாத்தினாள்.

இரண்டாவது கண்ணுக்குத் தம்பி வந்தார். கையைப் பிடித்துப் படி ஏற்றினார் என்றும், ஆஸ்பத்திரியிலேயே இரண்டு பேரும் ஒரு சண்டை போட்டார்கள் என்றும் ஆபரேட்டரம்மாவே போன் செய்து சிரித்துக்கொண்டு சொன்னார். கேமராக்காவும் சிரித்தாள். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. முதல் கண்ணுக்கு அவர் தடுமாறி ஏறிய படிகள்தான் நினைவுக்கு வந்தன. அந்த வாரங்களில் காலைதோறும் கதவோரம் நின்று அவர் பேசியது எங்கேயும் பதிவாகவில்லை. தேடிக் கொடுக்க வழியே இல்லை.

இப்போதெல்லாம் பேட்டரி நிற்கவில்லை என்று யார் கூப்பிட்டாலும், கட்டம் வரைவதற்கு முன்னால் பழைய பதிவுகளைச் சத்தத்தோடு கேட்கிறாள். வாசலில் யார் நிற்பார்கள், எதற்கு நிற்பார்கள் என்று குடைகிறாள். கடையில் அவளுக்கு 'விசாரணை கமிஷன்' என்று புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீடு குறைகிறது என்று முதலாளிக்கு வருத்தம். அவள் எதிர்த்துப் பேசுவதில்லை. இத்தனைக்கும் வாய் நீளமானவள்.