தாழ்ப்பாளைக் கழற்றிய வாரம்

எப்சம் என்ற வசதியான பகுதியில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் எல்லாம் அங்கிருந்த நல்ல பள்ளிக்கூடத்துக்காகவே அந்தப் பெரிய வாடகையைக் கட்டின. நாங்களும் அப்படித்தான் என்று அயலவர்கள் நினைத்தார்கள், நாங்கள் திருத்தவில்லை. உண்மையில் நாங்கள் அங்கே இருந்தது மூன்று தெரு தள்ளியிருந்த ஒரு பகல் பராமரிப்பு நிலையத்துக்காக. பிறவியிலேயே கற்றல் குறைபாடு உள்ள எங்கள் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் பாண் சுடுவாள், செடிக்குத் தண்ணீர் விடுவாள், யாராவது தன் கதிரையில் இருந்தால் தள்ளிவிடுவாள். அந்த மூன்று நாளும் மனைவி ஒரு பேக்கரியில் வேலை செய்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அரசாங்கத்துக்கு எல்லாவற்றையும் அளந்து பார்க்கும் ஆசை வந்தது. யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்க்க ஓர் அலுவலர் வீட்டுக்கு வருவார் என்று எங்களுக்கும் கடிதம் வந்தது. அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் அந்த மூன்று நாளும் தொடரும். கடிதத்தில் ‘தேவை’ என்ற சொல் ஆறு இடத்தில் இருந்தது. படித்தவனான என் கண்ணில் பட்டது ‘வீட்டுக்கு’ என்பது மட்டும்தான்.

“வீட்டுக்கு வருகினமாம். இந்தக் கார்ப்பெட்டைப் பாருங்கோ,” என்றாள் மனைவி.

கார்ப்பெட் கழுவினோம். பிறகு மகளைத் தயார்செய்தோம். சப்பாத்துக் கயிறு கட்டுவது, முகவரி சொல்வது, தேநீர்த் தட்டைச் சிந்தாமல் கொண்டுவருவது. ஒரு வாரம் இதே வேலை. அவள் தட்டோடு நடந்த தூரம் நகரின் வட எல்லையிலுள்ள ஆல்பனி வரைக்கும் போதும்.

கடைசியாக, முன்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினேன். கதவின் மேற்பகுதியில், அவளுக்கு எட்டாது என்று நாங்கள் கணக்குப்போட்ட உயரத்தில் பூட்டிய தாழ்ப்பாள் அது. அதற்கு முந்திய குளிர்காலத்தில், ஒரு ஞாயிறு காலை, நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் வெளியே போய்விட்டாள். ஒன்றரை மணி நேரம் கழித்து மோட்டார்வே ஏறும் சரிவில் ஒரு லாரிக்காரர் அவளைக் கண்டு நிறுத்தினார். காலில் காலுறை மட்டும். டெய்ரி எனப்படும் மூலைக்கடையில் பால் வாங்கி வந்த நான் தாழ்ப்பாள் போடவில்லை என்பது மனைவியின் கட்சி. நான் போட்டேன், குப்பை கொட்டப் போன மனைவிதான் மறந்தாள் என்பது என்னுடையது. அந்த வழக்கு எங்கள் வீட்டில் தள்ளுபடியாகாமலே நடந்துகொண்டிருந்தது.

“கொண்டியைக் கண்டா பிள்ளையைப் பூட்டி வைச்சிருக்கிறம் எண்டு நினைப்பினம்,” என்றாள் மனைவி. அது எனக்கும் சரியாகப் பட்டது. ஆணி ஓட்டைகளை வெள்ளைப் பற்பசையால் அடைத்தேன். வாடகை வீட்டில் கற்ற கலை. அடுப்பின் மெயின் சுவிட்சில் ஒட்டியிருந்த டேப்பையும் உரித்தேன்.

அலுவலர் அம்மாள் வந்தார். கம்பளிச் சட்டை, நல்ல சிரிப்பு, மடியில் தடித்த படிவம். மனைவி கட்லட்டும் ரோல்ஸும் வைத்தாள். மகள் தட்டைச் சிந்தாமல் கொண்டுவந்தாள். கேள்விகள் தொடங்கின. தானாக உடுப்பாளா? ஓம். அடுப்பு? கவனமாக இருப்பாள். தெருவைக் கடப்பாளா? இரண்டு பக்கமும் பார்த்து. உங்களுக்குச் சிரமமான நேரம் ஏதாவது? நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். சிரமமா, எங்களுக்கா. பல்கலைக்கழகத்தில்கூட நான் இவ்வளவு கேள்விக்கு இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை. அவர் நாலு கட்லட் சாப்பிட்டார். போனபிறகு மனைவி, “நல்ல மனுசி. எல்லாம் வடிவா நடந்தது,” என்றாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. எங்கள் மகளின் சுயசார்பு பாராட்டுக்குரியதாம். குடும்பம் மிக நன்றாகச் சமாளிக்கிறதாம். ஆகையால் மாத முடிவோடு அந்த மூன்று நாளும் நிறுத்தப்படுகிறது. நாங்கள் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தோம்.

அடுத்த நாள் நிலையத்தின் வாசலில், தன் மகனைக் கூட்டிப்போக வந்திருந்த மலேசியத் தமிழ்ப் பெண்மணியிடம் கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னாண்ணே, டீ கொண்டாந்து குடுக்க வெச்சீங்களா?”

“ஓம்.”

“சேலை கட்டி விட்டீங்களா?”

“சுரிதார்தான்.”

“பொண்ணு பாக்கவா வந்தாங்க? நீங்க வேற லா. அவங்க வந்தா வீட்ட அப்படியே போட்டு வைக்கணும். இருக்கிறதிலேயே மோசமான நாள் எதுவோ, அதச் சொல்லணும். பொய் வேணாம், நெசத்தச் சொன்னாலே போதும். மறுபரிசீலனைக்கு எழுதிப் போடுங்க.”

எழுதிப்போட்டோம். நகர மையத்தில் ஓர் அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள். மகளும் கட்டாயம் வரவேண்டும், அவளைப் பற்றிய பேச்சு அவள் இல்லாமல் நடக்கக்கூடாது என்பது விதி. நல்ல விதி. வேறு யாருடைய வீட்டுக்கென்றாலும் நான் கைதட்டியிருப்பேன்.

அவளால் முடியாதவற்றைப் பட்டியலிட மனைவி மறுத்துவிட்டாள். “நீங்கள்தானே படிச்சனீங்கள், எழுதுங்கோ.” பத்தொன்பது வருடமாகக் கோயிலிலும் கலியாண வீட்டிலும் மூடிமறைத்ததையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதினேன். என் ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் எங்கள் கட்லட் அம்மாள். கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். வாசித்துவிடுங்கள் என்றார்கள். மகள் எனக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். எங்கள் இருவரையும்விட அவளுக்கு ஆங்கிலப் பேச்சு நன்றாக விளங்கும்.

வாசித்தேன். கோபம் வந்தால் கடிப்பாள். மாதவிடாய் நாட்களில் தாய் கூடவே இருக்கவேண்டும். யார் கூப்பிட்டாலும் காரில் ஏறிவிடுவாள். ஒவ்வொரு வரிக்கும் என் குரல் சிறுத்துக்கொண்டே போனது. அடுப்பை இரண்டு தரம் எரியவிட்டு மறந்திருக்கிறாள் என்று வாசித்தபோது பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“திரீ டைம்ஸ், அப்பா.”

மூன்றாவதைப் பற்றி எங்களுக்குத் தெரியாது. அலுவலர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். மோட்டார்வேயை நான் வாசித்து முடிக்கவில்லை. காலுறை என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். மீதியை மனைவி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள், கதவையும் தாழ்ப்பாளையும் பற்பசையையும் சேர்த்து. பற்பசைக்கு மூவரில் ஒருவர் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

மூன்று நாளும் திரும்பக் கிடைத்தது. வென்றோம் என்றுதான் சொல்லவேண்டும். இருந்தாலும் என் பிள்ளையின் காதுபட அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்த குரல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்காமலே வந்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே கடைகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை ஏணிப்படியில் ஏறி, பற்பசையைக் கிண்டி எடுத்துவிட்டு, தாழ்ப்பாளைப் பழைய இடத்தில் வைத்துப் பிடித்தேன். மகள் கீழே நின்று ஆணிகளை ஒவ்வொன்றாக நீட்டினாள். இரண்டாவது ஆணியை முடுக்கும்போது, “ஹையர், அப்பா,” என்றாள்.

“ஏன்?”

“ஐ கேன் ரீச் தட்.”

எட்டியும் காட்டினாள். பெருவிரல்களில் எழும்பி, இரண்டு விரலால், சத்தமே இல்லாமல் திறந்தாள்.

சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். ஒரு வருடமாக நடந்த வழக்கில் இருவருமே நிரபராதிகள். ஆணிகளைத் திரும்பக் கழற்றி, தாழ்ப்பாளை நிலையின் உச்சிக்குத் தள்ளி வைத்தேன்.

“இப்ப எட்டுதோ?” என்று கேட்டேன்.

எம்பிப் பார்த்தாள். எட்டவில்லை. “ஓகே,” என்று அடுத்த ஆணியை நீட்டினாள்.