சொந்தப் பொறுப்பில் போனவர்கள்

பதவி உயர்வுக்கு என் பெயரில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தாக வேண்டும். செங்கல்பட்டில் நான் டாக்டராக இருந்த மருத்துவமனைக்குப் பாம்புக்கடி நோயாளிகள் நிறைய வருவார்கள். பழைய கேஸ் ஷீட்டுகளைத் தூசி தட்டிப் படித்து, கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எழுதினேன்.

அனுப்பிய இதழ்களெல்லாம் திருப்பி அனுப்பின. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: சிகிச்சை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பாதியில் வீட்டுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள்?

"அவங்களக் கணக்குலேர்ந்து எடுத்துடுங்க. டேபிள் சுத்தமாயிடும்" என்றார் துறைத் தலைவர். எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றிவிட்டது போலிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். பெரும்பாலான எண்கள் உபயோகத்தில் இல்லை. கடப்பாக்கத்துக்காரர் ஒருவரின் போனை அவர் மனைவி எடுத்தார். "நேர்ல வாங்க, டாக்டரம்மா" என்றார்.

போனேன். சுவரில் அவர் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது.

"மல்லாட்டக் கொல்லைல கடல புடுங்கறப்போ கடிச்சிது. டயாலிசிஸ்னு சொன்னதும் பயந்துகினாரு. வூட்டுக்கு இட்னு போ, இட்னு போன்னு ஒரே அழுக. வந்தப்புறம் ஒண்ணுக்கே வரல. மூஞ்சி, காலெல்லாம் வீங்கிப் போச்சி." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "பெரியவன்தான் கையெழுத்து போட்டான். அங்கியே இருந்திருந்தா பொழச்சிருப்பாரா?"

என் அட்டவணையில் அதற்குப் பதில் இருந்தது. டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் அநேகம் பேர் பிழைத்திருந்தார்கள்.

"பொழச்சிருக்கலாம்மா."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே பைக் சத்தம் கேட்டதும் என் கையைப் பிடித்தார். "அவன்கிட்ட சொல்லிடாதீங்க. ஏற்கனவே சரியா துன்றதில்ல."

மகன் உள்ளே வந்தான். கல்யாணமான ஆள், வலை இழுத்துக் காய்த்த கைகள். நான் யாரென்று தெரிந்ததும் நின்றவாக்கிலேயே அதே கேள்வியைக் கேட்டான்.

"தெரியலப்பா" என்றேன்.

அவன் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஏறும்வரை அந்தப் பார்வை என் முதுகில் இருந்தது.

விட்டுப் போனவர்களையும் சேர்த்து, கண்டுபிடிக்க முடியாதவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றே சொல்லி, திருத்தி எழுதினேன். ஒரு சின்ன இதழ் வெளியிட்டது. பதவி உயர்வும் வந்தது. வாழ்த்துச் சொன்ன யாரும் கட்டுரையைப் படித்ததாகத் தெரியவில்லை.

அந்த வாரமே வார்டில் இன்னொருவர், விரியன் கடித்தவர், வீட்டுக்குப் போகவேண்டுமென்று அடம்பிடித்தார். அவர் தம்பி காகிதத்தில் கையெழுத்துப் போட வந்தான். "போடாதப்பா, ரெண்டு நாள் பொறுத்துக்க" என்று கெஞ்சினேன். கட்டுரையில் எழுதியதையெல்லாம் சொன்னேன். அழாத குறை.

"அவரு கேக்கமாட்றாரு, மேடம். நாங்க இன்னா பண்றது?"

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலை போன் செய்தேன். எடுக்கவில்லை. சாயங்காலமும் செய்தேன்.